மாடு இல்லாமல் வந்த பால்காரி

கலியாணம் முடிந்து கொழும்புக்கு ரெயில் ஏறியபோது, சீதனத்தோடு சேர்த்து ஒரு மூட்டை எச்சரிக்கையும் எனக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கொழும்பில் மீன்காரி நேற்றைய மீனை இன்றைய மீன் என்பாள், மரக்கறிக்காரன் தராசில் விரலை வைத்து அழுத்துவான், தையற்காரன் துணியில் பாதியைத் தன் பிள்ளைக்குச் சட்டையாகத் தைத்துக்கொள்வான், ஒருவரையும் நம்பாதே என்று ஊர் முழுக்கச் சொல்லி அனுப்பியது. சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் கொழும்பைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் புத்தி சொல்ல வந்தவர்களிடம் அதை எப்படிக் கேட்பது? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு தெருவில் எங்களுக்கு வாடகை வீடு. இவர் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். காலையில் ரெயிலுக்கு ஓடுவார், மாலையில் கடற்காற்றில் கலைந்த தலையோடு வருவார். இடைப்பட்ட நேரமெல்லாம் நானும் தெருவும்தான். அந்தத் தெருவில் நான் முதலில் கற்றுக்கொண்ட வித்தை, பால்காரியைக் கண்காணிப்பது.

கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு ஓவசியரின் மனைவி. நான் வந்து இறங்கிய மறுநாளே படலையைத் திறந்துகொண்டு வந்து, வகுப்பு எடுத்தார்.

"பிள்ளை, முதல்ல செம்பைக் கவிட்டுக் காட்டச் சொல்லும். அடியில தண்ணி இருந்தால் விழுந்திடும். பிறகு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டச் சொல்லும். பிறகு சீலைத் தலைப்பை உதறச் சொல்லும். அதுக்குப் பிறகுதான் மாட்டில கை வைக்க விடவேணும். கறக்கேக்க கண்ணை எடுத்தீரோ, போச்சுது."

அந்தக் காலத்தில் பால் வீட்டுக்கு வராது, மாடுதான் வரும். விடியற்காலையில் கழுத்து மணி கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் பாத்திரத்தோடு கேற்றடிக்கு வந்துவிடுவார்கள். பால்காரி நம் கண் முன்னாலேயே கறந்து, நம் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, அடுத்த கேற்றுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போவாள். அவள் கையையும் செம்பையும் நாங்கள் பார்த்தது போல ஒரு சுங்கக்காரன் கப்பலில் வந்த பெட்டியைக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

பால்காரி லேசுப்பட்டவள் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். வாய்க்கால் கரையில் கொட்டில் போட்டு, சில மாடுகள் வைத்திருந்தாள். பருத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, தெருமுனையில் பேசினால் கடற்கரையில் கேட்கும் குரல். புருஷன் எங்கே என்று கேட்டால், "போயிட்டான், திரும்பி வராம இருந்தாச் சரி" என்பாள். நாங்கள் செம்பைக் கவிழ்க்கச் சொன்னால் தலைகீழாய்ப் பிடித்து ஆட்டிக் காட்டுவாள். கையைக் காட்டச் சொன்னால் முகத்துக்கு நேரே விரிப்பாள்.

"நல்லாப் பாத்துக்கம்மா. பத்தலன்னா மாட்டு வயித்துக்குள்ளயும் பூந்து பாத்துக்க."

எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் பார்வையை எடுக்க மாட்டேன். ஊரின் மூட்டை அவ்வளவு பாரம்.

பிறகு உலகச் சண்டை வந்தது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும் வெள்ளவத்தைத் தமிழரில் அரைவாசிப் பேர் பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாணம் ஓடினார்கள். நானும் ஓடினேன். கந்தோரை விட்டு வரமுடியாத இவர் தனியாக இருந்து, சோற்றைக் குழைய விட்டுத் தின்று மெலிந்தார். பயம் கொஞ்சம் தெளிந்ததும் நான் திரும்பி வந்தேன். வந்த அடுத்த வருஷம் எனக்கு மகள் பிறந்தாள்.

பிள்ளைக்கு என்னிடம் பால் போதவில்லை. எல்லாப் பத்தியமும் சாப்பிட்டுப் பார்த்தேன், பலனில்லை. டின்னில் வரும் பால்மாவுக்கு மூலைக்கடை நானாவிடம் போனால், "கப்பல் வந்தாத்தான் தங்கச்சி" என்று கையை விரிப்பார். அரிசிக்கே கூப்பனோடு நின்ற காலம். ஆகவே என் மகளை வளர்த்தது பால்காரியின் மாடுதான், அதிலும் நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஒரு மாடு. எங்கள் தெருவுக்கு எப்போதும் அதைத்தான் கொண்டுவருவாள். காய்ச்சி, ஆற்றி, சங்கால் பருக்குவேன். பிள்ளை கொழுகொழு என்று வந்தது.

இவருக்கும் அந்த மாட்டில் ஒரு பங்கு இருந்தது. கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடித்தால் தேகத்துக்குப் பலம் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். தினமும் மூக்குப்பேணியோடு கேற்றடியில் நிற்பார். பால்காரி நேராகப் பேணிக்குள் கறந்து கொடுப்பாள். அண்ணாந்து குடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்துவார். பலம் ஏறியதாக எனக்குத் தெரியவில்லை, மீசையில் நுரை ஏறியதைத்தான் கண்டேன்.

ஒருநாள் காலையில் மணிச் சத்தம் கேட்கவில்லை. பாத்திரத்தோடு நாங்கள் எல்லோரும் கேற்றுகளில் நின்றோம். பால்காரி வந்தாள். மாடு இல்லை, செம்பு இல்லை, வாயில் வெற்றிலையும் இல்லை. தெருவின் நடுவில் நின்று கூப்பிட்டாள்.

"எல்லாரும் வெளிய வாங்க. ஐயாமாரையும் கூப்பிடுங்க. ஒரு தடவதான் சொல்லுவேன்."

வந்தோம். அவள் யார் முகத்தையும் தனியாகப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்கு முந்தி சுட்டி மாட்டு மூக்குல ஒரு காயம் பாத்தேன். முள்ளுக்கம்பி கிழிச்சிருச்சுன்னு மஞ்ச பூசி விட்டுட்டேன். நேத்து சாயங்காலந்தான் வெவரம் தெரிஞ்சுச்சு. அன்னிக்கு ஒரு வெறிநாய் எங் கொட்டாய்க்குள்ள பூந்து போயிருக்கு. போற வழியில நாலு பேரக் கடிச்சு, மில்லு ஆளுங்க அத அடிச்சுக் கொன்னுருக்காங்க. எங் கொட்டாய்லேருந்து அது வெளிய வந்தத ஒருத்தன் பாத்திருக்கான். நீங்க இத்தன நாளும் குடிச்சது அந்த மாட்டுப் பால்."

கையிலிருந்த பாத்திரங்களைக் கீழே வைத்தோம்.

"டாக்டர எழுப்பிக் கேட்டேன். காய்ச்சிக் குடிச்சவங்களுக்கு ஒன்னும் ஆகாதுன்னு சொல்லிட்டாரு. பச்சையாக் குடிச்சவங்க இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மாடு இப்ப நல்லாத்தான் நிக்குது, புல்லும் திங்குது. ஆனா இனிமே எங்கிட்ட பால் கெடையாது. மத்த மாடுங்களும் ஒரே கொட்டாய்ல நின்னதுங்கதான். மாட்டு டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் அதுங்க பாலும் கெடையாது."

பிறகு இவர் பக்கம் திரும்பினாள். இவர் பேணியோடு படியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நீங்கதான் மொதல்ல போகணும். கந்தோருக்கு அப்புறம் போகலாம்."

இவர் மெல்லப் படியில் உட்கார்ந்தார். நான் உள்ளே ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். ஒருநாளும் காய்ச்சாமல் கொடுத்ததில்லை என்று மனதுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளையும் நினைத்து நினைத்து, அன்று காய்ச்சினேனா, பொங்கியதா, பொங்கும் முன் இறக்கினேனா என்று என்னையே விசாரித்தேன்.

வெளியே தெரு வெடித்தது. ஒருவர் பொலிஸுக்குப் போவோம் என்றார். ஒருவர் அவள் கொட்டிலைக் கொளுத்தவேண்டும் என்றார். எல்லாவற்றிலும் என் காதில் நின்றது ஓவசியர் மனைவி சொன்னதுதான்.

"இவள் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டை வித்துப்போட்டு வேற மாடு கொண்டுவந்திருக்கலாமே! இப்ப நாங்கள் எல்லாரும் பயத்திலயே சாகவேணும்."

கோபம் வந்தாலும் அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. அவள் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. மாடு நன்றாக நின்றது. காயம் ஆறிக்கொண்டிருந்தது. நாயைக் கண்டவன் நெசவு மில் கூலி, எங்கள் தெருப் பக்கமே வராதவன். வருஷக்கணக்காக நாங்கள் செம்பின் அடியையும் சீலைத் தலைப்பையும் பார்த்துக்கொண்டிருந்தோம், தண்ணீர் கலந்துவிடுவாளோ என்று. தண்ணீர் கலந்த பாலால் யார் செத்தார்கள்? உயிருக்கு ஆபத்தான ஒன்றை எந்தக் கேற்றில் நின்று எப்படிப் பார்த்தாலும் எங்களால் கண்டிருக்க முடியாது. அதை அவளாக வந்து சொன்னால்தான் உண்டு. அவள் வந்து சொன்னாள். அதற்கு நாங்கள் கொடுத்த கூலி, கத்தல்.

 எல்லோரும் கத்தி முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு அடுத்த தெருவுக்குப் போனாள், அங்கேயும் சொல்ல.

இவருக்கு நாளுக்கொன்றாகத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே வியர்க்கிற மனிதர். தாலி கட்டும்போதுகூட அவர் முகம் அப்படி வெளிறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூனிக் கூனி நடப்பார். ரெயிலில் இடித்தால் அடுத்த ஸ்டேஷன்வரை முனகுவார். என்னதான் வேதனை என்றாலும் பால்காரியைத் திட்டி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒருநாள் நான்தான் வாயைக் கிளறினேன்.

"உங்களுக்கு அவளில கோவம் இல்லையோ?"

"என்னப்பா கதைக்கிறீர்? அந்த மனிசி சொல்லாட்டி நான் இண்டைக்கும் ஒரு பேணி குடிச்சிட்டுத்தான் நிண்டிருப்பன். சொன்னால் தன்ர பிழைப்புப் போயிடும் எண்டு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதானே வந்தவள்?"

எனக்கு இவரை மிகவும் பிடித்துப்போன நாட்களில் அதுவும் ஒன்று.

பிள்ளைக்குப் பால் வேண்டுமே. கொட்டாஞ்சேனையில் இருந்த என் மச்சாள், இவரின் அக்கா, செய்தி கேட்டு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக, "கண்ட கண்ட ஆக்களிட்டப் பால் வாங்கினால் இப்பிடித்தான்" என்று தொடங்கி, கொட்டாஞ்சேனையில் தனக்குப் பால் போடுகிறவனை எங்களுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனாள். அவன் சைக்கிளில் வருவான். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. பால் பெரிய கேனில் இருக்கும், கேனுக்கு ஒரு பூட்டு. "வழியில ஒருத்தரும் கை வைக்க ஏலாது" என்று மச்சாளுக்குப் பெருமை. சாவி அவன் இடுப்பில்தான் தொங்கியது என்பதை மச்சாள் யோசிக்கவில்லை. பாலைச் சட்டியில் ஊற்றினால் சட்டியின் அடி தெரிந்தது. பிள்ளை குடித்துவிட்டு மறுபடியும் பசித்து அழுதது. கன்னம் வற்றத் தொடங்கியது. நான் இரவும் பகலும் பிள்ளையின் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையை டொக்டரிடம் காட்டப் பாமன்கடைப் பக்கம் போய்விட்டு வாய்க்கால் கரையால் திரும்பி வந்த ஒரு நாள், பால்காரியின் கொட்டிலைக் கண்டேன். சுட்டி மாடு தூரத்தில், தனியாக ஒரு மரத்தில் கட்டியிருந்தது. அதைச் சுற்றி யாரும் கிட்டப் போகாதபடி கம்பு நட்டிருந்தாள். மற்ற மாடுகள் கொட்டிலில் நின்றன. அவள் கறந்துகொண்டிருந்தாள். கன்று குடித்தது போக மிச்சத்தைக் கறக்காமல் விட்டால் மடி கட்டிப்போகும். கறந்து முடித்து எழுந்து வந்து, செம்பு நிறைந்த பாலை வாய்க்காலில் ஊற்றினாள். கலங்கல் தண்ணீரில் அது வெள்ளையாய்ப் பரவிக் கரைந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பால் என்ற பெயரில் கொழும்பே எதையோ குடித்துக்கொண்டிருந்த காலம் அது. அக்கம்பக்கத்தில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. யாருக்கும் காட்டுவதற்காக அவள் அதைச் செய்யவில்லை.

 கிட்டப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள்.

"என்னாம்மா, புள்ள இப்பிடி எளச்சிருச்சு?"

"நல்ல பால் இல்லை. உந்த மாட்டுப் பாலைத் தாங்கோ. நான் நல்லாய்க் காய்ச்சித்தான் குடுப்பன். தெருவில என்னவும் சொல்லட்டும், நான் உங்களை நம்புறன்."

அவள் செம்பைக் கழுவினாள். கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க என்னைய நம்புறீங்கம்மா. சந்தோசம். நான் இன்னும் மாட்ட நம்பல."

கெஞ்சினேன். கொஞ்சம் கோபமாகக்கூடப் பேசினேன். அவள் அசையவில்லை. பிள்ளையின் காலை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னாள். வழியெல்லாம் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

மறுநாள் விடிய மணிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பால்காரி முன்னே வருகிறாள், பின்னால் எனக்குத் தெரியாத ஒரு சிவப்பு மாடு, மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சிங்கள ஆள்.

அவனைத் தெருவுக்குத் தெரியும். கிருலப்பனைப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவன். பால்காரிக்கும் அவனுக்கும் பரம்பரைப் பகை மாதிரி ஒன்று. வாய்க்கால் கரைப் புல்லுக்கு இரண்டு பேரும் அடிபடுவார்கள். ஒருமுறை அவன் எங்கள் தெருவில் பால் விற்கக் காலை வைத்தபோது, அவள் விளக்குமாற்றோடு காலி வீதிவரைக்கும் துரத்தியதை நாங்கள் கேற்றில் நின்று வேடிக்கை பார்த்தோம். அந்த ஆளைத்தான் அவள் தன் கையால் தெருவுக்குள் அழைத்து வந்து, நேராக எங்கள் கேற்றடியில் நிறுத்தினாள்.

"அத பென்னபங்!" என்று சிங்களத்தில் அதட்டினாள்.

"ஹரி, ஹரி, அக்கே" என்று அவன் பாவமாய்க் கையை விரித்துக் காட்டினான். செம்பையும் கவிழ்த்தான். அவள் இடுப்பில் கைவைத்து நின்று அவனைக் கறக்க வைத்தாள். தெரு திரண்டுவிட்டது. அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இவன் எனக்கு ஆகாதவன். புல்லுத் திருடன். ஆனா பால்ல தண்ணி ஊத்த மாட்டான். எத்தனையோ வருசமா இவன எங்கயாவது மாட்டிவிடலாம்னு தேடிக்கிட்டே இருக்கேன், முடியல. மாடும் எங் கொட்டாய்ப் பக்கம் வராத மாடு. புள்ளைங்களுக்கு வாங்கிக் குடுங்க."

இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. வேண்டியவர்கள் புகழ்வதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். பகைவனுக்கு, அதுவும் தன் பிழைப்பையே தூக்கிக் கொடுத்து, உரத்த குரலில் சாட்சி சொன்ன ஒருத்தியை ஒரே ஒருமுறைதான் கண்டேன். பாலைக் காய்ச்சினேன். ஆடை பிடித்தது. பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டு, கனநாட்களுக்குப் பிறகு அழாமல் தூங்கியது.

சில நாள் அவளும் கூடவே வந்தாள். பிறகு அவன் தனியாக வந்தான். மெல்லிய குரல், அரைகுறைத் தமிழ், எப்போதும் ஒரு சிரிப்பு. அளந்த பிறகு கொஞ்சம் கூட ஊற்றுவான். ஓவசியர் மனைவிக்கு அவனை மிகவும் பிடித்துப்போனது. வாயாடி தொலைந்தாள், நல்ல மனிதன் கிடைத்தான் என்றார். சுட்டி மாடு தொடர்ந்து நன்றாக இருந்ததால், "ஒண்டுமில்லாததுக்கு எங்களைப் பயப்படுத்தினவள்" என்ற கதையும் கிளம்பியது. இவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

ஒருநாள் பகல், வாய்க்கால் பக்கமிருந்து ஒரு கதறல். மாட்டுச் சத்தம் என்றே முதலில் தெரியவில்லை. தொண்டை கிழிந்ததுபோல, விடாமல். சுட்டி மாட்டுக்கு வந்துவிட்டது. வாயில் நுரை, தண்ணீர் வைத்தால் இறங்கவில்லை, கட்டிய மரத்தையே முட்டியது. மாட்டு டொக்டர் துவக்கோடு ஓர் ஆளைக் கூட்டிவந்தார். வெடிச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. மறுநாள் பால் கறந்துகொண்டே கிருலப்பனைக்காரன்தான் சொன்னான், கன்றாக இருந்ததிலிருந்து அவள் வளர்த்த மாடாம். சுடும்போது விலகிப் போகச் சொன்னபோதும் போகாமல் நின்றாளாம். "அக்கா அழல்ல" என்றான். பக்கத்தில் அவனும் நின்றானா என்று கேட்டேன். மாட்டின் முதுகைத் தட்டினான்.

இனியாவது தெரு அவளைக் கும்பிட்டிருக்கவேண்டும். எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. மாடு நன்றாக இருந்தபோது, சும்மா பயப்படுத்தினாள் என்றார்கள். மாட்டுக்கு விசர் வந்ததும், அந்தக் கொட்டிலே ஆகாது, இனி அவளுடைய எந்த மாட்டிலும் பால் வாங்கக்கூடாது என்றார்கள். உண்மை சொன்னவளுக்கு இரண்டு பக்கத்தாலும் அடி. அவளோ புல் வெட்டி வண்டிக்காரர்களுக்கு விற்றாள், வறட்டி தட்டினாள். காதில் கிடந்த தோடு ஒருநாள் காணாமல் போயிருந்தது. மற்ற மாடுகளின் பால் தினமும் வாய்க்காலுக்கே போனது. நான் வழியில் கண்டு ஏதாவது கொடுக்கப் போனால், "இருக்கட்டும்மா, மாடு இருக்கில்ல" என்று நடந்துவிடுவாள். மாடு இருந்தது, வாங்க ஆள் இருக்கவேண்டுமே என்று எனக்குக் கவலை. தெரு அவளுக்குத் திரும்பக் கிடைக்காவிட்டால், மிச்ச மாடுகளையும் விற்றுவிட்டு அவள் எங்கே போவாள்?

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் பெயர்ப்பலகையில் 'நம்பிக்கைக்குரிய இடம்' என்று எழுதியிருக்கிறது. எழுதுகிறவனுக்கு ஒரு டப்பா பெயின்ட் செலவு, அவ்வளவுதான். சரக்கில் கெடுதி வந்தால் வாடிக்கைக்காரனுக்கு முதலில் தெரியப்படுத்துகிற கடையை நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் பால்காரிக்குப் பலகையும் இல்லை, எழுத்தும் தெரியாது. இழப்பு தன்னுடையது என்று தெரிந்தும் தெருவின் நடுவில் வந்து நிற்கிற துணிச்சல் இருந்தது. கல்லூரியும் கந்தோரும் கண்ட எத்தனையோ பெரிய மனிதர்களை நான் பார்த்துவிட்டேன். அந்தத் துணிச்சலுக்கு முன்னால் வைக்க ஒருவரும் அகப்படவில்லை.

மாட்டு டொக்டர் சொன்ன தவணை முடிந்தது. மிச்ச மாடுகளுக்கு ஒன்றுமில்லை என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த நாள் காலை இரண்டு மாடுகளின் மணிச் சத்தம் கேட்டது.

கிருலப்பனைக்காரன் வழக்கம்போல வந்து, எதிர்வீட்டுக் கேற்றடியில் கறக்கக் குந்தியிருந்தான். தெருவின் தலைப்பில், காலி வீதிப் பக்கம், பால்காரி நின்றாள். ஓர் இளம் மாடு, குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து. அவளும் வெளுத்த சீலை கட்டியிருந்தாள். உள்ளே வரவில்லை. விளக்குமாற்றோடு ஆளைத் துரத்தியவள், தன் சொந்தத் தெருவின் வாசலில் விருந்தாளிபோல நின்றாள்.

ஓவசியர் மனைவி அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார். "எங்களுக்கு இவன் காணும். இனி ஒருத்தரும் மாறத் தேவையில்லை." இன்னும் இரண்டொரு வீட்டிலிருந்து, "ஓம், ஓம்" என்று குரல் வந்தது.

பால்காரிக்குக் கேட்டது. நான் அவள் வாயையே பார்த்தேன். இப்போது வெடிப்பாள், தெரு அதிரும் என்று. அவள் மாட்டின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் திறந்தேன். ஒரு வீட்டுப் பாலால் ஒரு கொட்டில் பிழைக்காது என்று தெரியும். ஆனாலும் திறந்தேன். இவரும் பின்னால் வந்தார்.

அப்போது கிருலப்பனைக்காரன் தலையைத் திருப்பி அவளைக் கண்டான். மடியில் வைத்த கையை எடுத்தான். எழுந்து, செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மாட்டின் கயிற்றை அவிழ்த்தான்.

"ஏன் எழும்புறாய்? கற!" என்றார் ஓவசியர் மனைவி.

"மே பாற எயாகே, நோனா" என்றான் அவன், அதே சிரிப்போடு. "மம பலாகத்தா விதரய்."

இந்தத் தெரு அவளுடையது, நான் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்றான்.

ஓவசியர் மனைவி கூப்பிடக் கூப்பிட, அவன் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனான். எத்தனை வீடுகள், எத்தனை மாதமாகக் கைக்குள் இருந்த தெரு. ஒருவரும் போகச் சொல்லவில்லை, போகாதே என்றுதான் சொன்னார்கள். போய்விட்டான். தெருத் தலைப்பில் பால்காரியைக் கடந்தான். அவன் மாடு போக அவள் தன் மாட்டைச் சற்று ஒதுக்கினாள்.

அவள் தெருவுக்குள் இறங்கி வந்தாள். நானும் இவரும் கேற்றுக்கு வெளியே நின்றோம். பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. அதற்கடுத்த வீட்டிலும் திறந்தது. ஓவசியர் மனைவி சிறிது நேரம் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரத்தை எடுத்து வந்தார்.

எங்கள் கேற்றடியில் மாட்டை நிறுத்திக் குந்தினாள் பால்காரி. கறக்கவில்லை. சுட்டி மாட்டைச் சுட்ட அன்று அழாதவள், இந்த இளம் மாட்டின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு, குரல் எடுத்து அழுதாள். நாங்கள் பாத்திரங்களோடு காத்து நின்றோம்.